வம்சாவளி எனும் கோரிக்கை மனு

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிவாரி விவரங்களும் சேகரிக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு அறிவித்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொள்ளும் அந்தக் கணக்கெடுப்பு, 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் முழுமையாகப் பதிவுசெய்யும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாக இருக்கும். இடஒதுக்கீடு, நிதிப் பகிர்வு, தொகுதி வாய்ப்பு ஆகியவை குறித்து இதையொட்டி எழுந்திருக்கும் விவாதங்கள் எதிர்பார்த்தவையே. அவற்றுக்குப் பக்கத்தில், பத்திரிகைகளில் அதிகம் இடம்பெறாத இன்னொரு விவாதமும் நடந்துகொண்டிருக்கிறது. யார் எந்த மன்னரின் வாரிசு என்பதே அது.

தஞ்சையில் ஆண்டுதோறும் ராஜராஜ சோழனின் சதய விழா நடக்கும்போது, அம்மன்னர் தங்கள் குலத்தவரே என்று ஒன்றுக்கொன்று முரண்படும் சுவரொட்டிகளைப் பல அமைப்புகள் ஒட்டுகின்றன. பாண்டியருக்கும் பல்லவருக்கும் இதே நிலைதான். நான் நன்கறிந்த காஞ்சிபுரத்தில், திருமண அழைப்பிதழிலும் சங்க ஆண்டு மலரிலும் பல்லவரின் நந்தி முத்திரையையோ சோழரின் புலியையோ காண்பது புதிதன்று. கைத்தறி நெய்து பிழைத்த குடும்பம், கடை நடத்தும் குடும்பம், கழனி உழுத குடும்பம் என எல்லோருக்கும் எங்கோ ஒரு மன்னர் தேவைப்படுகிறார்.

இதை வெறும் வீண்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பெருமை ஊர்த் தேரோட்டத்தின்போதும், தலைவர் சிலை அமைக்கும்போதும், சில வேளைகளில் கல்லூரி விடுதியிலும் மோதலாக வடிவெடுப்பதைத் தமிழகம் பலமுறை பார்த்திருக்கிறது. ஆகவே, மன்னர் பரம்பரை என்னும் உரிமைகோரல் எதனால் ஆனது, யாருக்கு எப்போது பயன்பட்டது, எப்போது கைவிட்டது என்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். அதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஒரு மன்னர், இரண்டு தந்தையர்

ஏறத்தாழ 730-ஆம் ஆண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபோது, அரியணைக்கு நேரடி வாரிசு இல்லை. அமைச்சர்களும், நகரப் பெருமக்களும், கடிகையாரும் கூடி, பல்லவர் குலத்தின் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனைத் தேடிச் சென்றனர். அவருடைய நான்கு மைந்தர்களில் மூவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்க முன்வரவில்லை. நான்காமவனான பல்லவமல்லன் முன்வந்தான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. அவனே இரண்டாம் நந்திவர்மனாகி, அறுபதாண்டுகளுக்கும் மேலாக ஆண்டான். இந்த நிகழ்வுகள் அனைத்தும் காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாகச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே விளக்கக் கல்வெட்டுகளும் உள்ளன.

தன் முன்னோர் வரிசையை இத்தனை விரிவாகக் கல்லில் வடிக்க வேண்டிய தேவை அம்மன்னனுக்கு ஏன் ஏற்பட்டது? அவனுடைய உரிமை ஐயத்துக்கு இடமானதாக இருந்தது என்பதே காரணம். அவனது 22-ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட காசாக்குடிச் செப்பேடு, சிம்மவிஷ்ணுவின் தம்பியான பீமவர்மனில் தொடங்கி புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியன் என்று வந்து நந்திவர்மனில் முடிகிறது. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் அவனைச் சொல்கிறது. அதே மன்னனின் உதயேந்திரம் செப்பேடோ அவனை இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகனாகக் காட்டுகிறது. ஒரே மன்னனுக்கு இரண்டு செப்பேடுகளில் இரண்டு தந்தையர்! அறிஞர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த முரண்பாட்டைப் பற்றி எழுதிவருகின்றனர்.

இந்தப் பட்டியலின் மேல்நுனி இன்னும் சுவையானது. பிரம்மா, அங்கிரசு, பிருகஸ்பதி, சம்யு, பரத்வாசர், துரோணர், அசுவத்தாமன், பிறகு பல்லவன் என்று அது இறங்குகிறது. தேவர்களும் முனிவர்களும் காவிய மாந்தரும் நிறைந்த அந்த முகப்பை எந்த வரலாற்றாசிரியரும் பிறப்புப் பதிவேடாகக் கொள்வதில்லை. சோழர்களும் இதையே செய்தனர். அவர்களுடைய குலமுறையைப் படைப்புக் கடவுளிலிருந்து தொடங்கிப் பாடும் மூவருலாவை இயற்றிய ஒட்டக்கூத்தர் நெசவுத் தொழில் செய்த கைக்கோளர் மரபில் பிறந்தவர் என்பது தமிழ் மரபுச் செய்தி. மன்னருக்கு வம்சம் பாடித் தந்தவர் நெசவாளர் குடியில் தோன்றியவர். இன்று அக்குடிகளின் பிள்ளைகளும் மன்னரிடம் தங்கள் வம்சத்தைத் தேடுகிறார்கள்.

ஆக, மன்னர்களுக்கேகூட வம்சாவளி என்பது நடந்ததை நடந்தபடி எழுதிய குறிப்பன்று. தேவைப்பட்ட உரிமைக்குத் தேவைப்பட்ட முன்னோர் அதில் இடம்பெற்றனர். அதைக் காலத்தின் முன் சமர்ப்பிக்கப்பட்ட ஒரு கோரிக்கை மனு என்றே நான் வாசிக்கிறேன்.

மனுக்களின் நீண்ட வரிசை

அந்த வரிசை பல்லவரோடு முடியவில்லை. விசயநகர ஆட்சிக்காலத்தில், தண்டு என்னும் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் உரிமை கோரிய வேற்றூர்க் கைக்கோளர்களுக்குக் காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களின் உரிமையே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களின் நில உரிமையைத் தீர்மானிக்க முற்பட்டபோது, பாளையக்காரர்களின் வம்சாவளிகள் ஏராளமாக எழுதப்பட்டன. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் அவற்றுள் பலவற்றை இன்றும் காணலாம். எந்தப் பேரரசன் எந்த முன்னோருக்கு எந்த வீரச்செயலுக்காக நிலம் தந்தான் என்பதே அவற்றின் சாரம். நிலம் நிலைக்க வேண்டுமானால் முன்னோர் பேசியாக வேண்டும்.

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த வழக்கத்தைச் சிற்றரண்மனைகளிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. அதன் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி சாதிகளைச் சமூக மேன்மையின் அடிப்படையில் மேல்கீழாக வரிசைப்படுத்த முனைந்தார். விளைவு, நாடு முழுவதிலுமிருந்து மனுக்கள் குவிந்தன. எங்களைச் சத்திரியர் என்று எழுதுங்கள், இன்ன மன்னரின் வழியினர் என்று எழுதுங்கள், பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரைச் சேருங்கள் என்பவையே அவற்றின் கோரிக்கைகள். சங்கங்கள் தோன்றின; குல வரலாற்று நூல்கள் அச்சேறின. இன்று சமூக ஊடகங்களில் உலவும் பல குல வரலாறுகளின் மூலம் அக்காலத்து நூல்களே.

அன்று மனு எழுதியவர்களை இன்று நாம் எள்ளி நகையாடக் கூடாது. அவர்களில் பெரும்பாலோர் கோயில் வாசலிலும் பொது வீதியிலும் கிணற்றடியிலும் அவமதிக்கப்பட்டவர்கள். மேல்கீழ் ஏணி ஒன்றே கண்ணுக்குத் தெரிந்த காலத்தில், அந்த ஏணியில் ஒரு படி ஏறிக்கொள்ளத் துடிப்பது மனித இயல்பு. ஆனால், அந்த வழி அவர்களுக்கு என்ன தந்தது என்று கேட்பதற்குத் தென் தமிழகத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்ததை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. பாண்டியர் வழிவந்த சத்திரியர் தாங்கள் என்று அக்காலத்தில் அச்சமூகத்தினர் நூல்கள் வெளியிட்டு வாதிட்டுவந்தனர். மதுரை நீதிமன்றம் 1899-ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது; 1908-ல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. பதினோரு ஆண்டுகள் போராடியும் மன்னர் வழி என்னும் வாதம் கோயில் கதவைத் திறக்கவில்லை. கதவு திறந்தது 1939-ல். அந்த ஆண்டு ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோரும் நாடார் சமூகத்தவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். தொடர்ந்து ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் யாரிடமும் உன் முப்பாட்டன் யார் என்று கேட்கவில்லை. வம்சத்தால் கிடைக்காத உரிமை, சமத்துவத்தால் கிடைத்தது.

அண்மைக் காலத்திலும் நீதிமன்றங்கள் இத்தகைய மனுக்களைச் சந்தித்துள்ளன. அயோத்தி வழக்கு விசாரணையின்போது, 2019 ஆகஸ்ட்டில், ரகுவம்சத்தைச் சேர்ந்தவர்கள் எவரேனும் இருக்கிறார்களா என்று உச்ச நீதிமன்ற அமர்வு கேட்க, ஜெய்ப்பூர் அரச குடும்பத்தினர் தாங்கள் இராமரின் மகன் குசனின் வழியினர் என்று முன்வந்தனர். கடைசி முகலாயப் பேரரசரின் கொள்ளுப்பேரனுடைய மனைவி செங்கோட்டையைக் கேட்டுத் தொடுத்த வழக்கை 2025 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. செங்கோட்டை மட்டும் ஏன், பதேப்பூர் சிக்ரியையும் கேட்கலாமே என்று நீதிபதிகள் வினவினர். வறுமையில் வாடும் ஒரு முதிய பெண்மணிக்கு அரசு உதவ வேண்டியது அவர் குடிமகள் என்பதற்காக; பேரரசரின் மருமகள் என்பதற்காக அன்று.

கணக்கு சொல்லும் உண்மை

இனி, உண்மையிலேயே நம்மில் யாராவது மன்னர் வழிவந்தவரா என்னும் கேள்விக்கு வருவோம். இதில் கணிதம் வியப்பான விடையைத் தருகிறது. ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அதற்கு முந்தைய தலைமுறையில் எண்மர். இப்படி இரட்டித்துக்கொண்டே சென்றால், முப்பதாவது தலைமுறையில் ஒருவரின் முன்னோர் எண்ணிக்கை 107 கோடியைத் தாண்டிவிடும். தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று கொண்டால் அது 750 ஆண்டுகளுக்கு முந்தைய காலம். அப்போது உலக மக்கள்தொகையே ஐம்பது கோடியைத் தொடவில்லை. அப்படியானால், ஒரே முன்னோர் நம் மரத்தில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறார். என் மரமும் உங்கள் மரமும் மேலே செல்லச் செல்ல ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

இங்கிலாந்தில் இது பரவலாக அறியப்பட்ட செய்தி. கிழக்கு லண்டனின் உழைக்கும் குடும்பத்தில் பிறந்த நடிகர் டேனி டயர், 1327 முதல் 1377 வரை ஆண்ட மூன்றாம் எட்வர்டின் நேரடி வழித்தோன்றல் என்று 2016-ல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்று காட்டியது. அவர் நெகிழ்ந்துபோனார். பிரிட்டிஷ் பூர்விகம் கொண்ட ஏறத்தாழ எல்லோருமே அந்த மன்னரின் வழித்தோன்றல்கள்தாம் என்று மரபியலாளர் ஆடம் ரூதர்ஃபோர்டு விளக்கினார். டயருக்குச் சிறப்பாக அமைந்தது அரச ரத்தம் அன்று. அதைக் காட்ட உதவிய ஆவணத் தொடர்ச்சிதான். அந்நாட்டில் 1538 முதலே தேவாலயங்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்துவருகின்றன.

ரத்தத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. 1485-ல் போர்க்களத்தில் இறந்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு, 2012-ல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. மன்னரின் சகோதரியின் வழியில், தாயிடமிருந்து மட்டுமே கடத்தப்படும் மரபணுவைக் கொண்டிருந்த ஒருவரோடு அது ஒத்துப்போனது. அவர் லண்டனில் மரச்சாமான் செய்யும் தச்சர். மன்னரின் சவப்பெட்டியையும் பின்னர் அவரே செய்துகொடுத்தார். அதே ஆய்வில், ஆவணப்படி மன்னரின் ஆண்வழி உறவினர்களாக இருந்த ஐவரின் மரபணு மன்னருடையதோடு ஒத்துப்போகவில்லை என்பது 2014-ல் வெளியானது. எங்கோ ஒரு தலைமுறையில் ஏட்டில் எழுதப்பட்ட தந்தை வேறு, பெற்ற தந்தை வேறு. பிரபுக்கள் நானூறு ஐந்நூறு ஆண்டுகள் பேணிய பட்டியல் பொய்த்தது. தச்சரின் தாய்வழி நிலைத்தது.

இந்தியாவில் அகமணம் இருக்கிறதே, இந்தக் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று வாசகர்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய இந்தியர்களின் மூதாதையர்களான இரு பெருங்குழுக்களின் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாக நடந்தது என்றும், அதன் பிறகே அகமணம் இறுகியது என்றும் கூறுகிறது. அகமணம் கலப்பைக் குறைத்தது உண்மை. ஆனால், அரச குடும்பங்கள் அந்தச் சுவருக்குள் நிற்கவில்லை. மூன்றாம் நந்திவர்மன் கன்னட நாட்டு இராட்டிரகூட இளவரசி சங்காவை மணந்தான். முதலாம் குலோத்துங்கன் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். தாய் வழியில்தான் சோழன். அரண்மனைகளில் வாழ்ந்த பெண்களின் பூர்விகத்தையும் அவர்களுடைய பிள்ளைகளின் கதியையும் எந்தச் செப்பேடும் முழுமையாகச் சொல்வதில்லை. சாதிப் பெயர்களும் அவற்றின் எல்லைகளும் ஆயிரம் ஆண்டுகளாக ஒரே நிலையில் இருந்ததுமில்லை. ஐம்பது தலைமுறைகளில் ஒரே ஒரு மணவுறவு சுவரைத் தாண்டியிருந்தாலும், அம்மன்னரின் வழி அடுத்த வளாகத்துக்குள்ளும் பரவிவிடும். ஒரு மன்னர் ஒரு சாதிக்கு மட்டுமே சொந்தம் என்பதை நிறுவ எந்த ஆவணமும் இல்லை. அறிவியலும் அதற்குத் துணைவராது.

பெயரில்லாதவர்களின் ஆவணம்

மன்னரைத் தேடும் இந்த ஆர்வத்தில் நம் கண்ணுக்குத் தப்புபவர்கள், நிச்சயமாக நம் முன்னோராக இருந்தவர்கள். திதி கொடுக்கும்போது மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொன்னால் போதும் என்பது வழக்கம். பெரும்பாலான குடும்பங்களில் அந்த மூன்றும் முடிந்தால் நினைவு முடிந்தது. என் குடும்பத்திலும் அப்படித்தான். பாட்டியின் தாயார் பெயரைச் சொல்ல இன்று எவரும் இல்லை. அசுவத்தாமனிலிருந்து பட்டியல் சொல்லத் தெரிந்த நமக்கு, நூறாண்டுகளுக்கு முன்னர் நம் வீட்டுத் தறியில் ஊடு நூல் கோத்த பெண்ணின் பெயர் தெரியாது.

இத்தனைக்கும் காஞ்சியில் எளியோரைப் பற்றிய ஆவணங்கள் இல்லாமல் போகவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் பத்தாம் நூற்றாண்டுச் செப்பேடு, கச்சிப்பேட்டில் நெசவாளர் வாழ்ந்த நான்கு குடியிருப்புகளைக் குறிப்பிடுகிறது. ஊரகத்துத் திருமால் கோயிலின் கணக்கையும் காரியத்தையும் பார்க்கும் பொறுப்பு அவர்களிடம் இருந்ததையும் அது சொல்கிறது. தஞ்சைக் கல்வெட்டுகளில் கைக்கோளப் படைகளின் பெயர்கள் வருகின்றன. நெய்தவர்கள், கணக்குப் பார்த்தவர்கள், படையில் நின்றவர்கள் ஆகியோரின் வரலாறு இது. எந்த முனிவரிடமிருந்தும் தொடங்காத இந்த வரலாற்றுக்குக் கல்லும் செம்பும் சாட்சி. ஆனால், சங்க மலர்களின் அட்டையில் இது இடம்பெறுவதில்லை.

இன்றைய நிலை என்ன? காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. எந்தச் சேலை அசல் என்பதற்குச் சட்டப்படியான பூர்விகச் சான்று உண்டு. அதை நெய்யும் கைக்கு அத்தகைய காப்பு இல்லை. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்குச் சற்று அதிகம் என்றும், நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு என்றும் காட்டியது. தங்கள் பிள்ளை தறியில் உட்காரக் கூடாது என்று நெசவாளர்கள் எண்ணுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இந்தக் கோணத்திலிருந்தே 2027 கணக்கெடுப்பை அணுக வேண்டும் என்பது என் கருத்து. ரிஸ்லியின் கணக்கெடுப்பு, யார் உயர்ந்தவர் என்று கேட்டது. அதனால் மக்கள் மன்னர்களைச் சாட்சிக்கு அழைத்தனர். இந்தக் கணக்கெடுப்பு யார் பின்தங்கியிருக்கிறார் என்று கேட்கிறது. கல்வி, நிலம், வேலை, வருமானம் ஆகியவற்றில் இன்று ஒரு குடும்பம் எங்கே நிற்கிறது என்பதற்கு எட்டாம் நூற்றாண்டு மன்னரால் சாட்சி சொல்ல முடியாது. சாதிப் பெயர்களை ஒழுங்குபடுத்தும்போது, குலப்பெருமை சார்ந்த கோரிக்கைகளுக்கு அரசு இடம் தரக் கூடாது. சிலைகளுக்கும் மணிமண்டபங்களுக்கும் வாக்குறுதி தந்து, ஒரு மன்னரை ஒரு சாதிக்குப் பட்டா எழுதிக்கொடுக்கும் வழக்கத்தைக் கட்சிகள் நிறுத்திக்கொள்ள வேண்டும். ராஜராஜனும் மகேந்திரவர்மனும் தமிழ் மக்கள் அனைவருக்கும் பொதுவானவர்கள் என்று பாடநூல் சொல்வதைத் தேர்தல் மேடையும் சொல்லட்டும்.

முன்னோரைத் தேடும் ஆர்வம் அப்போதும் மிஞ்சி நிற்கும், நிற்கவும் வேண்டும். அந்த ஆர்வத்துக்குச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பழைய கிரயப் பத்திரங்கள், கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் ஏடுகள், கோயில் கட்டளைக் கணக்குகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவை கரையானுக்கும் மழைக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன. இவற்றை மின்னாக்கம் செய்யும் பணியை மாவட்ட நிர்வாகமும் ஆவணக் காப்பகத் துறையும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் இணைந்து தொடங்கலாம். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால், அவருக்குத் தெரிந்த பெயர்களை, முக்கியமாகப் பெண்களின் பெயர்களை, இந்த வாரமே எழுதி வைக்கலாம். பிள்ளையார்பாளையத்தின் ஒரு தறி வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வரும்போது, அங்கே வாழ்பவர்களின் பெயரும் வயதும் படிப்பும் தொழிலும் பிழையின்றிப் பதிவாகட்டும். நூறாண்டு கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடும்போது, கைக்குக் கிடைக்கப்போவது அந்தப் பதிவுதான்.